யப்பானின் தேசிய மொழியை வகுத்த பேராசிரியர் உவேதா கசுதோஷி

ஒரு நாட்டு மக்களை ஒன்றாகப் பிணிப்பது யாது என்று வினவினால், நிலம் என்பார் சிலர். அரசு என்பார் சிலர். குலமும் சமயமும் என்பார் வேறு சிலர். மொழியே என்று விடை கூறி, அவ்விடையை நிலைநாட்டுவதற்குத் தம் வாழ்நாளை ஈந்தவர் யப்பான் நாட்டுப் பேராசிரியர் உவேதா கசுதோஷி. யப்பானியச் சிறுவர் பாடசாலையிற் கற்கும் பொதுமொழியும், அதனை எழுதும் முறையும், அப்பாடத்திற்கு வழங்கும் பெயருங்கூட இவருடைய முயற்சியோடு தொடர்புடையன. படைத்தலைவரையும் அரசியலாளரையும் பற்றி நம் இளைஞர் நிரம்பப் படித்திருக்கின்றனர். ஒரு தேசத்தின் ஆக்கத்திலே ஒரு மொழியாசிரியர் எத்துணைப் பங்கு கொள்ளலாம் என்பதையும் அவர்கள் அறிதல் வேண்டும். அப்பணியால் விளைந்த நன்மையைக் கூறுமிடத்து, அதன் நிழலிலே விளைந்த துன்பத்தையும் மறையாது கூறுதலே முறை எனக் கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பிறந்த காலம்

உவேதா 1867 ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில், எதோ மாநகரிலே, ஓவாரிச் சிற்றரசைச் சேர்ந்த ஒரு சாமுராய்க் குடும்பத்திற் பிறந்தார். அவருக்கு ஒரு வயது நிரம்புமுன்னரே நூற்றாண்டுகளாக நாட்டை ஆண்ட ஷோகுன் ஆட்சி வீழ்ந்தது. மெய்ஜிப் பேரரசரின் பெயரால் புதிய அரசு எழுந்தது. 1868 இல் எதோ நகரமும் தோக்கியோ என்னும் புதுப்பெயர் பெற்றது. ஆகவே, இவரும் புதிய யப்பானும் ஒரே தொட்டிலிற் கிடந்து வளர்ந்தவர்கள் என்று கூறினும் மிகையாகாது.

அந்நாளில் யப்பான் 260 க்கு மேற்பட்ட சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்தது. தெற்கே சத்சுமாவிற் பிறந்தவன் வடக்கே சுகாருவிற் பிறந்தவனோடு பேசப் புகுந்தால் ஒருவர் சொல் மற்றவருக்கு விளங்குவது அரிது. எழுத்து வழக்கோ இன்னும் சிக்கலானது. கற்றோர் சீன மொழி நடையிலே நூல் எழுதினர். கடிதத்திற்கு ஒரு நடை, அரசாணைக்கு ஒரு நடை, பழங்கவிதைக்கு ஒரு நடை எனப் பல நடைகள் இருந்தன. வாயாற் பேசும் மொழியோ ஏட்டில் ஏறத் தகுதியற்றதென ஒதுக்கப்பட்டது. எழுத்து வழக்கு, பேச்சு வழக்கு என்னும் வேறுபாட்டை நாமும் நன்கு அறிவோம். ஆயினும் அங்கு நிலவிய வேறுபாடு நம்மிடையே உள்ளதிலும் பன்மடங்கு பெரிதாகும். ஆயிரக்கணக்கான சீன எழுத்துகளைக் கற்றாலன்றி ஒருவன் படித்தவன் எனப் பெயர் பெற இயலாது.

மேனாட்டு வல்லரசுகளின் கப்பல்கள் துறைமுகங்களில் வந்து நின்ற அக்காலத்தில், இம்மொழியைக் கொண்டு புதிய அறிவைப் பெறுதல் கூடுமோ என்னும் ஐயம் அறிஞர் பலரை வாட்டியது. மயேஜிமா ஹிசோகா என்பார் சீன எழுத்துகளை அறவே ஒழிக்க வேண்டுமென்று 1866 இல் ஷோகுனுக்கு விண்ணப்பம் செய்தார். பின்னாளிற் கல்வி அமைச்சரான மோரி அரிநோரி, 1872 இல் அமெரிக்க மொழியறிஞர் விட்னிக்குக் கடிதம் எழுதி, யப்பானியர் ஆங்கிலத்தை ஏற்றுக்கொள்ளலாமா என்று ஆலோசனை கேட்டார். தாய்மொழியைக் கைவிடுதல் தகாதென்று அவ்வறிஞர் அறிவுரை கூறினார். தம் மொழியைக் காக்குமாறு யப்பானியருக்கு ஓர் அந்நியர் எடுத்துரைக்க வேண்டியிருந்தது! உவேதா வளர்ந்த சூழல் இதுவே.

கல்வியும் கடல்கடந்த பயிற்சியும்

உவேதா தோக்கியோவிலுள்ள அரச பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, யப்பானிய இலக்கியம் பயின்று, 1888 இற் பட்டம் பெற்றார். அங்கே அவருக்கு மொழிநூல் கற்பித்தவர் சேம்பர்லின் என்னும் ஆங்கிலேயர். யப்பானிய மொழியை மட்டுமன்றி, வடக்கே ஹொக்கைடோத் தீவில் வாழும் அயினு மக்களின் மொழியையும், தெற்கே ஒக்கினாவாத் தீவுகளின் மொழியையும் ஆராய்ந்தவர் அவர். ஒரு மொழியை அதன் அயலிலுள்ள மொழிகளோடு ஒப்பிட்டு ஆராயும் முறையை உவேதா அவரிடமிருந்தே முதலிற் கற்றார்.

1890 இல் அரசு அவரை ஜேர்மனிக்கு அனுப்பியது. பேர்லினிலும் லைப்சிக்கிலும் அவர் பயின்றார். ஒலிகள் மாறுவதற்கும் விதியுண்டு, அவ்விதிகளைக் கணிதம்போலக் கண்டறியலாம் என்னும் கொள்கை லைப்சிக்கில் ஓங்கியிருந்த காலம் அது. ஆனால் வகுப்பறைக்கு வெளியே அவர் கண்டது அதனினும் ஆழமாக அவர் நெஞ்சிற் பதிந்தது. பல சிற்றரசுகளாகச் சிதறிக் கிடந்த ஜேர்மனி 1871 இலேதான் ஒரே அரசாகியது. அம்மக்கள் தம் மொழிக்குப் பேரகராதி தொகுத்தனர். பிரெஞ்சுச் சொற்களைக் களைந்து சொந்தச் சொற்களை வழங்கச் சங்கம் அமைத்தனர். மொழியன்பும் நாட்டன்பும் அங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. தம் நாட்டு அறிஞரோ தாய்மொழியை ஒரு பொருட்டாக மதியாதிருந்ததை எண்ணி உவேதா வருந்தினார் போலும். பாரிசுக்கும் சென்று, 1894 இல் நாடு திரும்பிய அவரை அரச பல்கலைக்கழகம் மொழிநூற் பேராசிரியராக அமர்த்தியது. அப்போது அவருக்கு வயது 27.

ஒரு விரிவுரை

அவ்வாண்டு ஆகத்து மாதத்திலே யப்பானுக்கும் சீனாவுக்கும் போர் மூண்டது. வெற்றிச் செய்திகள் தோக்கியோவின் தெருக்களில் முழங்கிக்கொண்டிருந்த வேளையில், ஒக்ரோபர் 8 ஆம் திகதி, நாட்டு மொழியும் நாடும் என்னும் பொருள்பற்றி உவேதா ஒரு விரிவுரை நிகழ்த்தினார். யப்பானிய மொழி வரலாற்றை எழுதுவோர் எவரும் குறிப்பிடாது விடாத விரிவுரை அது.

மொழியானது அதனைப் பேசும் மக்களுக்கு உடலில் ஓடும் குருதி போன்றது என அவர் விளக்கினார். அக்குருதியே யப்பானியரை ஒரே உள்ளத்தினராகக் காக்கின்றது என்றார். மொழியைத் தாயோடு ஒப்பிட்டார். பிறந்ததும் நம்மை மடியில் ஏந்தித் தேசத்தின் எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் ஊட்டுபவள் அவளே. பெற்ற தாயை அழகுடையவளா, அறிவுடையவளா என்று எடைபோட்டு எவரும் நேசிப்பதில்லை. அவ்வாறே தாய்மொழியையும் பிறமொழியோடு நிறுத்துப் பார்த்து நேசித்தல் பொருந்தாது. இவ்வாறு கூறிய அவர், தம் முன்னோர் சீனத்தைப் போற்றி இத்தாயைப் புறக்கணித்தமையைக் கடிந்துரைத்தார்.

நாட்டு மொழி என்னும் பொருள்படும் கொக்குகோ என்ற சொல் முன்னரே வழக்கில் இருந்ததுதான். அதற்கு ஓர் உயிரும் உணர்ச்சியும் கொடுத்தவர் உவேதா. அந்நாள் முதல் அது மொழியின் பெயராக மட்டும் நில்லாது, தேசத்தின் மானத்தைக் குறிக்கும் சொல்லாயிற்று. 1895 ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே அவர் மற்றொரு கட்டுரை எழுதி, நாடெங்கும் வழங்கத்தக்க ஒரு நியம மொழி வேண்டுமென்றும், தோக்கியோவிற் கற்றோர் பேசும் மொழியைச் செப்பஞ்செய்து அதற்கு அடிப்படையாகக் கொள்ளலாமென்றும் வழிகாட்டினார். ஏட்டு மொழியை மக்களுக்கு இறக்குவதினும், மக்கள் மொழியை ஏட்டுக்கு ஏற்றுவதே தக்கது என்பது அவர் துணிபு.

பாடசாலையிற் புகுந்த மொழி

உவேதா வெறும் விரிவுரையோடு அமைந்தவரல்லர். 1897 இல் பல்கலைக்கழகத்திலே நாட்டு மொழி ஆராய்ச்சிக்கெனத் தனிப்பிரிவு தோன்றச் செய்தார். 1898 இற் கல்வி அமைச்சிலே உயர் பதவியேற்றார். 1900 ஆம் ஆண்டில் ஆரம்பப் பாடசாலைச் சட்டம் திருத்தப்பட்டபோது, அதுவரை வாசிப்பு, கட்டுரை, கையெழுத்து என வெவ்வேறாக இருந்த பாடங்கள் கொக்குகோ என்னும் ஒரே பாடமாகின. ஒவ்வோர் ஒலிக்கும் பல வடிவங்களில் எழுதப்பட்டுவந்த கானா எழுத்துகள் ஒரு வடிவத்துக்குள் அடக்கப்பட்டன. ஆரம்பப் பாடசாலையிற் கற்பிக்கும் சீன எழுத்துகள் ஏறத்தாழ 1,200 என வரையறுக்கப்பட்டன. அக்காலத்திலே பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளின் தொகையும் பெருகி, 1902 இல் அரசின் கணக்குப்படி நூற்றுக்கு 90 ஐத் தாண்டியது. உழவன் மகனும் மீனவன் மகளும் ஒரே மொழியிற் படிக்கும் காலம் பிறந்தது.

1902 இல் அரசாங்கம் நாட்டு மொழி ஆராய்ச்சிக் குழுவை நிறுவியது. முதியவரான கத்தோ ஹிரொயுக்கி அதன் தலைவராயினும், குழுவை நடத்தும் பொறுப்பு உவேதாவின் கையிலேயே இருந்தது. ஒலியைக் காட்டும் எழுத்தை ஏற்றல், பேச்சு நடையை எழுத்து நடையாக்கல், வட்டார வழக்குகளை ஆராய்ந்து நியம மொழியைத் தெரிதல் ஆகியவற்றை அக்குழு தன் கொள்கைகளாக அறிவித்தது. நாடு முழுவதும் வினாப்பத்திரங்கள் அனுப்பி, மக்கள் எந்த ஒலியை எவ்வாறு உச்சரிக்கின்றனர், எந்த விகுதியை எங்கே வழங்குகின்றனர் எனத் திரட்டியது. யப்பானிய மொழி கிழக்கு வழக்கு, மேற்கு வழக்கு என இரண்டாகப் பிரியும் எல்லை அவ்வாராய்ச்சியால் வெளிப்பட்டது.

1904 இல் அரசே அச்சிட்ட வாசிப்புப் புத்தகம் நாடெங்கும் வழங்கலாயிற்று. அதன் முதற் பாடம் இ, எ, சு, ஷி என்னும் நான்கு ஒலிகளோடு தொடங்கியது. வடகிழக்குப் பகுதியார் இகர எகரங்களையும், சு, ஷி என்பவற்றையும் வேறுபாடின்றி உச்சரிப்பர். அவர்தம் நாவைத் திருத்துவதற்கென்றே இவ்வொலிகள் முதலில் வைக்கப்பட்டன. தேசத்தின் ஒற்றுமை என்னும் பெரிய கொள்கை, ஆறு வயதுக் குழந்தையின் நாவிலே வந்து இறங்கிய இடம் இது.

தோல்வியும் தொடர்பணியும்

எழுத்துச் சீர்திருத்தத்திலே உவேதா எளிதில் வெற்றி காணவில்லை. ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். வண்ணத்துப்பூச்சியை யப்பானியர் சோச்சோ என்கின்றனர். ஆனால் பழைய முறைப்படி தெஃபுதெஃபு என எழுதினர். எழுத்து ஒன்று, ஒலி வேறு. ஒலித்தவாறே எழுதினால் பிள்ளைகளின் சுமை குறையுமென்று கருதி, 1900 இல் இத்தகைய சொற்களுக்குப் பாடநூல்களில் ஓர் எளிய முறை புகுத்தப்பட்டது. அதனை மேலும் விரிக்க முயன்றபோது பழமை போற்றுவோர் கொதித்தெழுந்தனர். 1908 இல் கூடிய குழுவிலே, புகழ்பெற்ற எழுத்தாளரும் இராணுவ மருத்துவருமான மோரி ஓகை வன்மையாக எதிர்த்துப் பேசினார். முடிவில் முன்னர் புகுத்திய முறையும் கைவிடப்பட்டது. 1913 இல் ஆராய்ச்சிக் குழுவும் கலைக்கப்பட்டது.

ஆயினும் அவர் சோர்ந்திலர். மத்சுயி கான்ஜியோடு இணைந்து, 1915 முதல் 1919 வரையில் நான்கு தொகுதிகளாக யப்பானிய மொழிப் பேரகராதியை வெளியிட்டார். ஏறத்தாழ 2 இலட்சம் சொற்களைக் கொண்ட அப்பெருநூலிலே மத்சுயியின் உழைப்பே மிகுதி என்பதையும் நாம் இங்கு சொல்லிவைத்தல் நியாயமாகும். 1926 இல் உவேதா பிரபுக்கள் சபையின் உறுப்பினரானார். கொக்குகாக்குயின் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் விளங்கினார். 1937 ஒக்ரோபர் 26 ஆம் திகதி காலமானார். அவர் மகள் எஞ்சி ஃபுமிகோ பின்னாளிற் சிறந்த நாவலாசிரியையாகித் திகழ்ந்ததோடு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கெஞ்சிக் காதையை இக்கால யப்பானிய நடையிற் பெயர்த்தும் எழுதினார். தந்தையார் போராடிப் பெற்ற உரைநடை மகளின் கையிலே கனிந்தது.

தாம் விரும்பிய சீர்திருத்தம் முழுமையாக நிறைவேறுவதைக் காண உவேதா உயிரோடிருக்கவில்லை. பெரும் போர் முடிந்தபின், 1946 நவெம்பரிலேயே ஒலிக்கு இயைந்த கானா முறை அரசாணையாக வந்தது. பொது வழக்குக்குரிய சீன எழுத்துகளும் 1,850 என வரையறுக்கப்பட்டன. அதே மாதத்தில் வெளியான அரசியலமைப்பும் பேச்சு மொழியைத் தழுவிய நடையில் எழுதப்பட்டிருந்தது. நாட்டின் முதற் சட்டத்தைச் சாதாரண மக்களும் படித்து விளங்கிக்கொள்ளக் கூடியதாயிற்று.

நிழல்

இதுவரை கூறியது ஒரு பக்கம். மற்றப் பக்கத்தைக் காண்பதற்கு உவேதாவின் ஆராய்ச்சி ஒன்றையே துணையாகக் கொள்வோம்.

1898 இல் அவர் பகர ஒலி பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இக்காலத்தில் ஹகரமாக ஒலிப்பது பழங்காலத்திற் பகரமாக இருந்தது என்பது அதன் முடிபு. பூவைக் குறிக்கும் ஹனா என்னும் சொல் ஒருகாலத்திற் பனா என ஒலித்தது. தமிழிற் பால், பல் என்பன கன்னடத்தில் ஹாலு, ஹல்லு என வழங்குவதை அறிந்தோர்க்கு இம்மாற்றம் வியப்பாகாது. இதனை நிறுவுதற்கு அவருக்குத் துணைநின்ற சான்றுகளிற் சில எங்கிருந்து கிடைத்தன? யப்பானியரிடமிருந்து அயினு மக்கள் முற்காலத்திற் கடன்கொண்ட சொற்களிலே பழைய பகரம் அழியாது நின்றது. தென்கோடித் தீவுகளில் வாழ்வோர் நாவிலும் அது வாழ்ந்தது. தலைநகரத்தார் மறந்துபோன தம் மொழியின் பழமையை, அவர்கள் நாகரிகமற்றோர் என ஒதுக்கிய மக்களே காத்து வைத்திருந்தனர்.

அம்மக்களுக்கு நேர்ந்தது யாது? ஒக்கினாவாவின் பாடசாலைகளில், 20 ஆம் நூற்றாண்டின் தொடக்க காலம் முதலாக, தம் வீட்டுமொழியைப் பேசிய பிள்ளையின் கழுத்திலே ஒரு மரப்பலகையைத் தொங்கவிட்டனர். அதே குற்றத்தைச் செய்யும் இன்னொரு பிள்ளையைக் கண்டுபிடித்து அவன் கழுத்தில் மாட்டும்வரை முதற்பிள்ளை அதனைச் சுமக்க வேண்டும். தாயிடம் கற்ற சொல்லைப் பேசியது குற்றம்; தோழனைக் காட்டிக்கொடுப்பது விடுதலை. அயினுப் பிள்ளைகளும் பாடசாலையிலே தம் மொழியை இழந்தனர். 1910 இல் யப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு முதல் கொரியப் பிள்ளைகளுக்கும் யப்பானியமே நாட்டு மொழி எனப்பட்டது. 1938 இல் கொரிய மொழி விருப்பப் பாடமாகத் தாழ்த்தப்பட்டது. 1942 இல் கொரிய அகராதி தொகுத்துக்கொண்டிருந்த அறிஞர்கள் சிறையிடப்பட்டனர். இருவர் சிறையிலேயே மாண்டனர். பறிமுதலான அகராதிக் கையெழுத்துப்படி, போர் முடிந்த 1945 இல் சியோல் புகையிரத நிலையத்தின் களஞ்சியசாலையிற் கண்டெடுக்கப்பட்டு, பின்னர் நூலாக வெளிவந்தது.

மரப்பலகையை மாட்டுமாறு உவேதா கட்டளையிட்டார் என்று நாம் கூறவில்லை. கொரிய அறிஞர் சிறைப்பட்டபோது அவர் இறந்து ஐந்தாண்டுகள் சென்றிருந்தன. ஆனால் மொழியைக் குருதியென்றும், ஒரு மொழி பேசுவதே நாட்டுப்பற்றின் அடையாளமென்றும் விதைத்த விதை அவருடையது. யப்பானிய மொழி கிழக்குலகம் முழுவதற்கும் பொதுமொழியாதல் வேண்டுமென்ற அவாவும் அவருக்கு இருந்தது. அவ்விதை படைபலத்தோடு சேர்ந்தபோது என்ன மரமாகும் என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அவரிடம் கற்ற மாணவரோ வேறொரு வழியையும் காட்டினர். ஒக்கினாவாவில் பிறந்த இஃபா ஃபுயு தோக்கியோவில் மொழிநூல் பயின்று, தம் தீவுக்கு மீண்டு, அதன் பழம்பாடல்களையும் வரலாற்றையும் ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்டார். கிந்தாயிச்சி கியோசுகே அயினு முதியோரிடம் சென்று அவர்தம் வாய்மொழிக் காப்பியங்களைக் கேட்டு எழுதினார். ஒகுரா ஷின்பெய் கொரியரின் பழம்பாடல்களை ஆராய்ந்தார். ஆசிரியர் கொடுத்த அறிவென்னும் கருவியைக் கொண்டே, ஆசிரியரின் கொள்கை அழிக்கவிருந்தவற்றிற் சிலவற்றை மாணவர் ஏட்டிலேனும் காத்தனர். எனினும் ஏட்டிற் காத்தல் வேறு, நாவில் வாழ்தல் வேறு. யப்பானில் அழியும் நிலையிலுள்ள மொழிகள் எட்டு என்று 2009 இல் யுனெஸ்கோ கணக்கிட்டது. அயினு மொழியும் ஒக்கினாவாத் தீவுகளின் மொழிகளும் அவற்றுள் அடங்கும்.

நாம் கொள்ளத்தக்கது

உவேதாவின் வாழ்க்கையிலிருந்து நம் இளைஞர் கொள்ளத்தக்கன பல. மொழிப்பற்று மேடை முழக்கத்தோடு முடிவதன்று. அகராதியும் இலக்கணமும் பாடநூலும் ஆராய்ச்சியும் அதன் உண்மையான தொண்டுகள் என்பதை அவர் காட்டினார். ஏழைப் பிள்ளைக்கும் எட்டும் எளிய மொழியிற் கல்வி கொடுக்க வேண்டுமென்று, தோல்வி கண்டும் தளராது உழைத்தார். அவர் காலத்திற் கைகூடாதது அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளின்பின் கைகூடிற்று. நல்ல முயற்சி காலந்தாழ்த்தேனும் பயன் தரும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அதனோடு, அவர் எண்ணாது விட்டதையும் நாம் எண்ணுதல் வேண்டும். தாயை எடைபோட்டு நேசிப்பதில்லை என்றார் அவர். அஃது உண்மை. அவ்வுண்மை தோக்கியோவிற் பிறந்த பிள்ளைக்கு எவ்வளவு உரியதோ, ஒக்கினாவாவில் மரப்பலகை சுமந்த பிள்ளைக்கும் அவ்வளவு உரியது. தன் தாயைப் போற்றும் மகன், பிறர் தாயையும் தாயென மதிக்கும்போதே அவன் அன்பு அறமாகின்றது. மொழியால் ஒரு நாட்டைக் கட்ட முனைவோர் எவரும் மறக்கலாகாத பாடம் இதுவே.